தரைக்கீழ்ச் சூடேற்றம்

தரைக்கீழ்ச் சூடேற்றம் என்பது கட்டிடம் ஒன்றின் தரைக்கு அடியில் வெப்பத்தைச் செலுத்தி, அத்தரையின் மேற்பரப்பிலிருந்து அறைக்குள் வெப்பம் பரவச் செய்யும் முறை ஆகும். தரைக்கு அடியில் பதிக்கப்பட்ட குழாய்களில் வெந்நீர் ஓடச் செய்தோ, மின்வடங்களைப் பதித்தோ இது நிறைவேற்றப்படுகிறது. சூடான தரையிலிருந்து வெளியேறும் வெப்பத்தில் பாதிக்கு மேற்பட்ட பங்கு கதிர்வீச்சாகவே செல்வதால் இது கதிர்வீச்சுச் சூடேற்றத்தின் ஒரு வகையாகக் கொள்ளப்படுகிறது. தரையோடு, கல் போன்ற வெப்பத்தை எளிதிற் கடத்தும் பொருள்களால் முடிக்கப்பட்ட தரைகள் இம்முறைக்கு மிகவும் ஏற்றவை.

இது குளிர்நாடுகளுக்கு உரிய முறை. வெப்பமான கடற்கரைப் பகுதிகளில் இதற்குத் தேவை இல்லை. எனினும் இம்முறையின் அடிப்படைகள் அப்பகுதி வீடுகளுக்கும் பொருந்துவன. இராமநாதபுரம் மாவட்டத்தில், பாக்கு விரிகுடாவின் கரையில், தேவிபட்டினத்துக்கு வடக்கே அமைந்துள்ள திருப்பாலைக்குடி போன்ற ஊர்களில் உள்ள கான்கிரீட்டு வீடுகளில் கதிர்வீச்சுச் சூடேற்றம் ஏற்கெனவே நிகழ்கிறது. ஆனால் அது தரையிலிருந்து அன்று, கூரையிலிருந்து நிகழ்கிறது. இக்கட்டுரை தரைக்கீழ்ச் சூடேற்றத்தின் இயக்கத்தை விளக்குவதுடன், அதே அடிப்படையைக் கொண்டு அக்கடற்கரை வீடுகளின் வெப்பநிலையையும் ஆராய்கிறது.

வரலாறு

தரைக்கு அடியில் தீ மூட்டி அறையைச் சூடாக்கும் வழக்கம் மிகப் பழமையானது. உரோமர்கள் தங்கள் பொதுக் குளிப்பகங்களிலும் செல்வர் இல்லங்களிலும் தரையைச் சிறு செங்கல் தூண்களின் மேல் தாங்கி நிறுத்தி, அதன் அடியில் உள்ள வெற்றிடத்தில் உலையின் சூடான காற்றையும் புகையையும் செலுத்தினர். கி.மு. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமக் கட்டிடக் கலைஞர் விட்ருவியசு தமது நூலில் இவ்வமைப்பை விளக்கியுள்ளார்.

கொரியாவில் வழங்கும் ஒண்டோல் என்னும் முறையில், சமையல் அடுப்பின் புகை தரைக்கு அடியில் உள்ள கல் வழிகளினூடாகச் சென்று மறுபுறத்தில் உள்ள புகைபோக்கி வழியே வெளியேறும். தரை சூடாக இருப்பதால் கொரியர்கள் தரையிலேயே அமர்ந்து உண்டு, தரையிலேயே படுத்துறங்கும் வழக்கம் வேரூன்றியது. இன்று கொரியாவின் அடுக்குமாடி வீடுகளிலும் புகைக்குப் பதிலாக வெந்நீர்க் குழாய்களைக் கொண்டு இம்முறை தொடர்கிறது. வட சீனாவில் சூடேற்றப்படும் கட்டில் மேடை காங் எனப்படுகிறது.

இந்தியாவிலும் இம்முறை உண்டு. காசுமீரில் அம்மாம் எனப்படும் அறைகளின் தரை கற்பலகைகளால் ஆனது. அதன் அடியில் உள்ள வெற்றிடத்தில் விறகு எரிக்கப்படும். அதே தீயில் செப்புக் கொப்பரையில் நீரும் சூடேறும். பள்ளிவாசல்களில் கைகால் கழுவுவதற்கான வெந்நீரையும், தொழுகைக்கு வருவோர் அமரச் சூடான தரையையும் இந்த ஒரே அடுப்பு தருகிறது. வசதி படைத்தோர் வீடுகளிலும் இவ்வறைகள் உண்டு. தில்லி, ஆக்ரா, பத்தேப்பூர் சிக்ரி ஆகிய இடங்களில் உள்ள முகலாயர் காலக் குளிப்பகங்களிலும் சூடேற்றும் அமைப்புகள் இருந்தன.

இருபதாம் நூற்றாண்டில் குழாய் முறை பரவியது. அமெரிக்கக் கட்டிடக் கலைஞர் பிராங்கு லாய்டு ரைட் 1937இல் விசுகான்சின் மாநிலத்தில் கட்டி முடித்த சேக்கப்சு இல்லத்தில் தரைக்கீழ்க் குழாய்களைப் பயன்படுத்தினார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நியூயார்க்கு அருகே லெவிட்டவுன் குடியிருப்பில் கட்டப்பட்ட ஆயிரக்கணக்கான வீடுகளில் கான்கிரீட்டுத் தரைக்குள் செப்புக் குழாய்கள் பதிக்கப்பட்டன. காலப்போக்கில் அவற்றுட் பல அரிக்கப்பட்டு ஒழுகின. தரையை உடைக்காமல் அவற்றைச் சீர்செய்ய இயலவில்லை. 1960களின் இறுதியில் குறுக்குப் பிணைப்புக் கொண்ட பாலியெத்திலீன் குழாய் உருவாக்கப்பட்டது. அது துருப்பிடிக்காதது, வளையக்கூடியது, ஓர் அறை முழுவதற்கும் இணைப்பு இன்றி ஒரே நீளமாகப் பதிக்கக்கூடியது. இக்குழாயின் வருகைக்குப் பின்னரே இம்முறை ஐரோப்பாவில் பரவலாயிற்று. தமிழர் மிகுதியாகக் குடியேறியுள்ள கனடா, நோர்வே, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளிலும் இன்று இது வீடுகளிற் பயன்படுகிறது.

இயங்கும் முறை

வெப்பம் மூன்று வழிகளிற் பரவுகிறது. ஒன்றையொன்று தொடும் பொருள்களிடையே நிகழ்வது கடத்தல். காற்று அல்லது நீரின் ஓட்டத்தால் நிகழ்வது வெப்பச்சலனம். இடையில் எப்பொருளும் தேவைப்படாமல் அலைகளாகச் செல்வது கதிர்வீச்சு. வெயிலில் நிற்பவருக்கு உறைக்கும் சூடும், அடுப்பின் அருகே நிற்பவர் முகத்தில் படும் அனலும் கதிர்வீச்சுக்கு எடுத்துக்காட்டுகள்.

அறையில் இருக்கும் ஒருவர் உணரும் வெப்பம் காற்றின் வெப்பநிலையை மட்டும் பொறுத்ததன்று. அவரைச் சூழ்ந்துள்ள சுவர், தரை, கூரை ஆகியவற்றின் மேற்பரப்பு வெப்பநிலையும் ஏறத்தாழ அதே அளவுக்கு முதன்மையானது. அமைதியாக அமர்ந்திருப்பவரின் உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளிவிட வேண்டியுள்ளது. தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 33 முதல் 34 °செ வரை இருக்கும். சூழவுள்ள பரப்புகள் இதைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் உடல் அவற்றை நோக்கி வெப்பத்தை இழக்கும். அவை இதைவிடச் சூடாக இருந்தால் உடல் அவற்றிலிருந்து வெப்பத்தைப் பெறும்.

தரைக்கீழ்ச் சூடேற்றம் பயன்படுத்தும் அடிப்படை இதுவே. தரை மிதமாகச் சூடாக இருப்பதால் காற்றைக் கடுமையாகச் சூடாக்காமலேயே அறையில் இருப்போர் இதமாக உணர்கின்றனர். மனிதர் நெடுநேரம் நிற்கும் இடங்களில் தரையின் மேற்பரப்பு 29 °செ அளவைத் தாண்டக்கூடாது என ஐரோப்பியத் தர விதிகள் வரையறுக்கின்றன. குளியலறைகளில் இது 33 °செ வரை செல்லலாம். இதற்கு மேற்பட்ட சூடு பாதங்களுக்கு ஒவ்வாதது.

அறையின் வெப்பநிலை 20 °செ ஆகவும் தரையின் வெப்பநிலை 29 °செ ஆகவும் இருக்கும்போது ஒரு சதுர மீட்டர் தரை ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடும். அதாவது 12 சதுர மீட்டர் அறை ஒன்று ஏறத்தாழ 1200 வாட் வெப்பத்தைப் பெறும்.

வகைகள்

வெந்நீர்க் குழாய் முறை: இதில் 16 முதல் 20 மில்லிமீட்டர் வரை விட்டம் கொண்ட குழாய்கள் 10 முதல் 30 சென்டிமீட்டர் வரை இடைவெளி விட்டு வளைவு வளைவாகப் பதிக்கப்படும். குழாய்களுக்கு அடியில் வெப்பக் காப்புப் பலகைகள் இடப்படும். இல்லையேல் வெப்பத்தின் பெரும்பகுதி நிலத்துக்குள் போய்விடும். குழாய்களின் மேல் சமப்படுத்தும் காரை இடப்பட்டு, அதன் மேல் ஓடு ஒட்டப்படும். குழாயில் ஓடும் நீர் 30 முதல் 45 °செ வரை சூடாக இருந்தால் போதுமானது. ஆதலால் சூரிய வெந்நீர்க் கலங்கள், வெப்பவேற்றிகள் போன்ற குறைந்த வெப்பநிலை மூலங்களையும் இதற்குப் பயன்படுத்தலாம். காரை தடிப்பாக இருப்பதால் தரை சூடேறச் சில மணி நேரம் ஆகும், ஆறுவதற்கும் அவ்வாறே.

மின்வட முறை: இதில் வலை ஒன்றில் பொருத்தப்பட்ட மெல்லிய மின்வடம் ஓட்டுக்கு நேர் கீழே, ஒட்டும் பசையிலேயே பதிக்கப்படும். இதன் ஆற்றல் சதுர மீட்டருக்கு 100 முதல் 200 வாட் வரை அமையும். அமைப்பது எளிது, செலவு குறைவு, விரைவில் சூடேறும். ஆனால் பயன்படுத்தும் காலத்தில் மின்கட்டணம் மிகும். 12 சதுர மீட்டர் அறையில் சதுர மீட்டருக்கு 120 வாட் கொண்ட வலையை நான்கு மணி நேரம் இயக்கினால் ஏறத்தாழ 5.8 அலகு மின்சாரம் செலவாகும். ஈரமான இடங்களிற் பதிக்கப்படும் மின்வடங்களுக்கு நிலத்தொடுப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்னோட்டத்தைத் துண்டிக்கும் கருவியும் கட்டாயம் தேவை.

தரையோடும் வெப்பமும்

தரையின் மூடுபொருள் வெப்பத்தை எவ்வளவு எளிதிற் கடத்துகிறதோ அவ்வளவுக்கு இம்முறை பயன்தரும். சுட்ட களிமண் ஓடு, கண்ணாடித்தன்மை கொண்ட ஓடு, கருங்கல், சலவைக்கல் ஆகியவை நன்கு கடத்துவன. மரப்பலகை இவற்றில் பல மடங்கு குறைவாகவே கடத்தும். தடித்த கம்பளம் ஏறத்தாழ வெப்பக் காப்புப் போலவே செயற்படும்.

ஓட்டுத்தரை தொடுவதற்குக் குளிர்ச்சியாக இருப்பதற்கும் இதே பண்பே காரணமாகும். ஒரே அறையில் உள்ள ஓடும் மரப்பலகையும் ஒரே வெப்பநிலையிலேயே இருக்கின்றன. ஆனால் 32 °செ வெப்பநிலை கொண்ட பாதம் 27 °செ வெப்பநிலை கொண்ட ஓட்டை மிதிக்கும்போது தொடும் இடத்தின் வெப்பநிலை உடனே ஏறத்தாழ 29 °செ ஆகிவிடும். அதே வெப்பநிலை கொண்ட மரப்பலகையை மிதித்தால் அது ஏறத்தாழ 31 °செ அளவிலேயே நிற்கும். ஓடு பாதத்தின் வெப்பத்தை விரைவாக வாங்கிக்கொள்கிறது. மரம் அவ்வாறு வாங்குவதில்லை.

குளிர்நாட்டில் இது ஒரு குறை. அதை நீக்கவே அங்கு ஓட்டுத்தரையைச் சூடாக்குகின்றனர். வெப்பநாட்டில் இது ஒரு நலம். சாணம் மெழுகிய மண்தரை, காவி கலந்து மெருகேற்றிய சிமெந்துத் தரை, செட்டிநாட்டு அத்தங்குடி ஓடு ஆகிய தென் தமிழகத் தரைகள் அனைத்தும் வெறுங்காலில் நடப்பதற்கும், நண்பகலில் வெறுந்தரையிலோ கோரைப்பாயிலோ படுப்பதற்கும் ஏற்றவையாக அமைந்துள்ளன.

ஓடு பதித்த தரையைச் சூடாக்கும்போது விரிவையும் கருத்திற் கொள்ள வேண்டும். 20 °செ சூடேறும்போது 6 மீட்டர் நீளமான கான்கிரீட்டு ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர் நீளும். ஓடு அதைவிடக் குறைவாக நீளும். இவ்வேறுபாட்டை வளையக்கூடிய பசையும், சுவர் ஓரங்களில் விடப்படும் இடைவெளியும் ஏற்க வேண்டும். இடைவெளி விடாமல் நெருக்கிப் பதித்தால் ஓடுகள் கூடாரம் போல் மேலெழும்பி உடையும். சூடேற்றம் இல்லாத வீடுகளிலும், குறிப்பாக மேல்மாடி அறைகளிலும் மொட்டைமாடியிலும், இது நிகழ்வதுண்டு.

பாக்கு விரிகுடாக் கரையில்

திருப்பாலைக்குடி கிழக்குக் கடற்கரைச் சாலையில், தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையே உள்ளது. இப்பகுதியின் காலநிலை ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரமும் கொண்டது. இந்தியாவின் தேசியக் கட்டிட விதித்தொகுப்பு நாட்டை ஐந்து காலநிலை வலயங்களாகப் பிரிக்கிறது. அவற்றுள் இக்கரை வெப்ப ஈர வலயத்தில் அடங்கும். கடலின் அண்மையால் இரவிலும் வெப்பநிலை அதிகம் குறைவதில்லை. மார்கழி, தை மாதங்களின் அதிகாலையிலும் அது 20 °செ அளவுக்குக் கீழே இறங்குவது அரிது.

நிலத்துக்கு அடியில் சில மீட்டர் ஆழத்தில் மண்ணின் வெப்பநிலை அவ்விடத்தின் ஆண்டுச் சராசரிக் காற்று வெப்பநிலையை அண்மித்திருக்கும். வட ஐரோப்பாவில் இது 10 °செ அளவினது அல்லது அதைவிடவும் குறைந்தது. அங்குச் சூடேற்றப்படாத தரை பாதத்தைச் சில்லிடச் செய்வதற்கு இதுவே காரணம். இராமநாதபுரம் கரையில் இது ஏறத்தாழ 28 °செ ஆகும். ஆகவே இங்குள்ள தரைத்தள வீடு ஒன்றின் தரை எவ்வித அமைப்பும் இன்றியே, ஐரோப்பியப் பொறியாளர்கள் சூடேற்றிய தரைக்கு வகுத்த மேல் எல்லையான 29 °செ அளவை நெருங்கி நிற்கிறது. இதற்கு மேலும் சூடேற்றுவது வசதியைக் கெடுக்கும்.

கூரை என்னும் சூடேற்றி

திருப்பாலைக்குடி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9.5 பாகையில் அமைந்துள்ளது. இதனால் சித்திரை மாதத் தொடக்கத்திலும், மீண்டும் ஆகத்து மாத இறுதியிலும் நண்பகற் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும். அந்நாட்களில் மேகமற்ற நண்பகலில் தட்டையான கூரையின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறத்தாழ 1000 வாட் கதிர்வீச்சு விழும். சுவர்களின் மேல் விழுவது அதைவிட மிகக் குறைவு.

அழுக்குப் படிந்த வெறும் கான்கிரீட்டு இதில் ஏறத்தாழ 700 வாட்டை உள்வாங்குகிறது. அதன் ஒரு பகுதியைக் காற்றும் வானமும் எடுத்துக்கொள்ள, எஞ்சியது மெல்லக் கீழிறங்குகிறது. 12 முதல் 15 சென்டிமீட்டர் தடிப்புள்ள கூரையைக் கடக்க அதற்குச் சில மணி நேரம் ஆகும். ஆகவே வெளியே வெயில் தாழ்ந்து கடற்காற்று வீசத் தொடங்கும் மாலைப் பொழுதிலும், அதற்குப் பின் இரவிலும் கூரையின் அடிப்பரப்பு சூடாகவே இருக்கும். வெளியே திண்ணையில் இதமாக இருக்கும் நேரத்தில் அறைக்குள் புழுக்கமாக இருப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

கூரையின் அடிப்பரப்பு 40 °செ ஆகவும் அறையின் ஏனைய பரப்புகள் 31 °செ ஆகவும் இருப்பதாகக் கொள்வோம். அப்போது ஒரு சதுர மீட்டர் கூரையிலிருந்து கீழ்நோக்கி ஏறத்தாழ 54 வாட் கதிர்வீச்சு வரும். 12 சதுர மீட்டர் அறையில் இது ஏறத்தாழ 650 வாட் ஆகும். குளிர்நாட்டில் பணம் செலவிட்டுத் தரைக்கு அடியில் அமைக்கப்படும் சூடேற்றியின் ஆற்றலில் பாதியளவு, இங்கே கேட்பாரின்றித் தலைக்கு மேலே இயங்குகிறது. கூரை தோலைவிடச் சூடாக இருப்பதால், உடல் மேற்புறமாக வெப்பத்தை இழக்க முடியாது. மல்லாந்து படுத்திருப்பவருக்குக் கூரையே எதிரில் உள்ள பெரும் பரப்பு என்பதால் இதன் விளைவு உறக்கத்தின்போது மிகும். படுக்கையை விட்டு நகர இயலாத முதியோருக்கும் நோயாளருக்கும் கைக்குழந்தைகளுக்கும் இது உடல்நலக் கேடாகவும் முடியலாம்.

மின்விசிறி இச்சூட்டைக் குறைப்பதில்லை; வியர்வை ஆவியாவதை விரைவுபடுத்தி ஏறத்தாழ 3 °செ குறைந்தாற்போன்ற உணர்வைத் தருகிறது. மின்சாரம் தடைப்பட்டால் அதுவும் இல்லாமற் போகும்.

முற்காலத்தில் இக்கரையில் பரவலாக இருந்த பனையோலைக் கூரைகளிலும் நாட்டு ஓட்டுக் கூரைகளிலும் இச்சிக்கல் இவ்வளவு இல்லை. ஓலையின் அடுக்குகளுக்கு இடையே உள்ள காற்று வெப்பக் காப்பாகச் செயற்பட்டது. சரிவான ஓட்டுக் கூரையின் இடுக்குகள் வழியே சூடான காற்று வெளியேறியது. இரண்டும் மாலையானதும் விரைவில் ஆறிவிடும். தீ, புயல், பராமரிப்பு ஆகிய காரணங்களால் மக்கள் கான்கிரீட்டுக் கூரைக்கு மாறினர்.

தரைக்கீழ்க் குளிர்விப்பு

சூடேற்றும் குழாய்களிலேயே குளிர்ந்த நீரை ஓடச் செய்தால் தரை வெப்பத்தை உறிஞ்சும். இது தரைக்கீழ்க் குளிர்விப்பு எனப்படும். 2006இல் திறக்கப்பட்ட பாங்காக்கு நகரின் சுவர்ணபூமி வானூர்தி நிலையத்தில் இம்முறை பயன்படுகிறது. ஐதராபாத்தை அடுத்த போச்சாரத்தில் இன்போசிசு நிறுவனம் 2011இல் திறந்த அலுவலகக் கட்டிடத்தின் ஒரு பாதியில் வழக்கமான காற்றுப்பதனமும், மறு பாதியில் கான்கிரீட்டுத் தளத்துக்குள் குழாய் பதித்த கதிர்வீச்சுக் குளிர்விப்பும் அமைக்கப்பட்டன. முதல் இரண்டு ஆண்டுகளின் அளவீட்டில் கதிர்வீச்சு முறை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவான ஆற்றலையே பயன்படுத்தியதாகக் கண்டறியப்பட்டது.

ஆனால் இவ்விரு கட்டிடங்களும் மூடிய கட்டிடங்கள். அங்கு உள்ளே வரும் காற்று முதலில் உலர்த்தப்படுகிறது. சன்னல்களைத் திறந்து வாழும் கடற்கரை வீட்டுக்கு இது பொருந்தாது. இதற்குக் காரணம் பனிநிலை ஆகும்.

காற்றில் உள்ள நீராவி எவ்வெப்பநிலையில் நீராகப் படியத் தொடங்குமோ அது அக்காற்றின் பனிநிலை எனப்படும். இது பின்வருமாறு மாறுபடுகிறது:

* காற்று 26 °செ, சார்பு ஈரப்பதம் 50 விழுக்காடு (காற்றுப்பதனம் செய்த அறை): பனிநிலை ஏறத்தாழ 15 °செ
* காற்று 28 °செ, சார்பு ஈரப்பதம் 80 விழுக்காடு: பனிநிலை ஏறத்தாழ 24 °செ
* காற்று 30 °செ, சார்பு ஈரப்பதம் 75 விழுக்காடு: பனிநிலை ஏறத்தாழ 25 °செ
* காற்று 30 °செ, சார்பு ஈரப்பதம் 80 விழுக்காடு: பனிநிலை ஏறத்தாழ 26 °செ

பாக்கு விரிகுடாக் கரையில் வீசும் கடற்காற்று பட்டியலின் பிற்பகுதியைச் சேர்ந்தது. அங்கு ஓட்டுத்தரையை 22 °செ அளவுக்குக் குளிர்வித்தால், குளிர்ந்த குவளையின் புறத்தில் நீர் முத்துகள் படிவது போலத் தரை முழுவதும் நீர் படியும். மெருகேற்றிய ஓட்டின் மீது படியும் இவ்வீரம் கண்ணுக்கு எளிதிற் புலப்படாது. வழுக்கி விழுந்து முதியோரின் இடுப்பெலும்பு முறிவதற்கு இது வழிவகுக்கும்.

நீர் படியாதிருக்கத் தரையை 27 °செ அளவிலேயே நிறுத்தினால், 30 °செ அறையிலிருந்து அது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 21 வாட் மட்டுமே உறிஞ்சும். 12 சதுர மீட்டருக்கு இது ஏறத்தாழ 250 வாட். மேலே கணித்தபடி கூரை 650 வாட்டைக் கொடுத்துக்கொண்டிருக்கையில், தரை 250 வாட்டை எடுப்பதால் அறை குளிராது. ஒப்பீட்டுக்கு, ஒரு டன் குளிர்பதனப் பெட்டியின் குளிர்விப்புத் திறன் ஏறத்தாழ 3500 வாட் ஆகும்.

எவ்வமைப்பும் இல்லாத வீடுகளிலும் சில நாட்களில் தரை வேர்ப்பதுண்டு. வாடைக் காற்றாலும் மழையாலும் குளிர்ந்திருந்த தரையின் மேல் திடீரென ஈரமான வெப்பக் காற்று வரும்போது இது நிகழ்கிறது. தரைக்கு அடியிலிருந்து நீர் ஊறுவதாக இது தவறாக எண்ணப்படுவதுண்டு. இரண்டையும் பிரித்தறிய, தரையில் ஒரு பாலித்தீன் தாளை விரித்து ஓரங்களை ஒட்டி ஒரு நாள் விட்டுவைக்கலாம். தாளின் மேற்புறம் ஈரமானால் அது காற்றிலிருந்து படிந்தது. அடிப்புறம் ஈரமானால் நிலத்திலிருந்து ஊறியது.

கடற்கரைச் சூழலில் உள்ள பிற இடர்கள்

கடற்கரை ஊர்களில் தரைக்குள் எதையேனும் பதிப்பதில் வேறு இடர்களும் உண்டு. நிலத்தடி நீரும் காற்றும் உப்புக் கொண்டவை. கலவைக்கு உவர்நீரையோ கழுவாத கடல் மணலையோ பயன்படுத்தினால் அதில் உள்ள குளோரைடு இரும்புக் கம்பியையும் உலோக இணைப்புகளையும் அரிக்கும். பிளாசுட்டிக்குக் குழாய் அரிக்கப்படாவிட்டாலும் அதன் பித்தளை இணைப்புகளும் நீரேற்றியும் பாதிக்கப்படலாம். லெவிட்டவுன் வீடுகளில் நேர்ந்தது போல, தரைக்குள் ஏற்படும் ஒழுக்கைச் சீர்செய்ய ஓட்டையும் காரையையும் உடைக்க வேண்டிவரும்.

கூரை வெப்பத்தைக் குறைத்தல்

மேற்கண்டவற்றிலிருந்து, இக்கரையில் வீடு கட்டுவோர் தரைக்குச் செலவிடுவதைவிடக் கூரைக்குச் செலவிடுவதே பயன் தரும் என்பது தெளிவாகும். இதற்குப் பல வழிகள் உள்ளன.

* வெண்மையாக்கல்: புதிதாகச் சுண்ணாம்பு அடித்த கூரை தன் மேல் விழும் வெயிலில் ஏறத்தாழ 70 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது. 1000 வாட்டில் 700 வாட்டை உள்வாங்கிய கூரை 300 வாட்டை மட்டுமே உள்வாங்கும். இது மிக மலிவான வழி. மழையாலும் புழுதியாலும் வெண்மை குறைவதால் ஆண்டுதோறும் வெயிற்காலத்துக்கு முன் மீண்டும் அடிக்க வேண்டும். வெண்ணிற வண்ணப் பூச்சுகளும் வெள்ளை ஓடுகளும் இதைவிட நீடிக்கும்.
* தட்டோடு பதித்தல்: கான்கிரீட்டின் மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையை இட்டு இடித்து, அதன் மேல் தட்டோடு பதிப்பது தமிழ்நாட்டின் நெடுங்கால வழக்கம். இது மழைநீர் இறங்குவதைத் தடுப்பதுடன் வெப்பத்தையும் ஓரளவு தடுக்கிறது.
* வெப்பக் காப்புப் பலகை: 5 சென்டிமீட்டர் தடிப்புள்ள நுரைப் பலகையைக் கூரையின் மேற்புறத்தில் இட்டு மூடினால், கூரை வழியே இறங்கும் வெப்பம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். குளிர்நாட்டில் தரைக் குழாய்களுக்கு அடியில் இடப்படுவதும் இதே வகைப் பலகையே. இங்கு அதன் இடம் கூரை.
* நிழலமைத்தல்: மொட்டைமாடியில் கீற்றுக் கொட்டகை அமைத்தால் வெயில் கான்கிரீட்டைத் தொடாது. கொட்டகைக்கும் கூரைக்கும் இடையே காற்று ஓட வேண்டும். புயற்காலத்தில் கீற்று பறந்துவிடாதபடி இறுக்கிக் கட்டுவதும், தீ அண்டாமற் காப்பதும் இன்றியமையாதவை.

2018 திசம்பரில் இந்திய அரசு வெளியிட்ட எக்கோ நிவாசு சம்கிதா என்னும் குடியிருப்புக் கட்டிடங்களுக்கான ஆற்றற் சேமிப்பு விதித்தொகுப்பு, கூரை வழியே செல்லும் வெப்பம் ஒரு °செ வேறுபாட்டுக்குச் சதுர மீட்டருக்கு 1.2 வாட்டுக்கு மிகக்கூடாது என்கிறது. காப்பு எதுவும் இல்லாத 15 சென்டிமீட்டர் கான்கிரீட்டுக் கூரையில் இது 3 வாட்டுக்கும் அதிகம். தெலங்கானா மாநிலம் 2023இல் குளிர்கூரைகளுக்கெனத் தனிக் கொள்கை ஒன்றை வெளியிட்டது.

கூரை வெப்பம் தடுக்கப்பட்ட வீட்டில் ஓட்டுத்தரை தன் இயல்பான பணியைச் செய்கிறது. பகலில் உடலின் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் தரை, இரவில் சன்னல் வழியே வீசும் காற்றால் மீண்டும் ஆறுகிறது. இதற்குக் குழாயோ மின்சாரமோ தேவையில்லை.

தமிழ்நாட்டில் பொருத்தமான இடங்கள்

தமிழ்நாட்டில் தரைக்கீழ்ச் சூடேற்றத்துக்குத் தேவை உள்ள இடங்கள் மலைநகரங்களே. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகமண்டலத்தில் சனவரி அதிகாலைகளில் புல்வெளிகளின் மேல் உறைபனி படிவதுண்டு. ஏறத்தாழ 2100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானலிலும் இரவுகள் குளிரானவை. அங்கும் வீடு முழுவதற்கும் அமைப்பதைவிட, முதியோர் பயன்படுத்தும் குளியலறை, படுக்கையறை ஆகியவற்றில் மட்டும் மின்வட முறையை அமைப்பது செலவைக் குறைக்கும். மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துக் குளிர்காய்வதால் நேரும் கார்பன் மோனாக்சைடு நச்சு இம்முறையில் இல்லை.

இவற்றையும் பார்க்க

* வெப்பக் கதிர்வீச்சு
* வெப்பக் காப்பு
* பனிநிலை
* அத்தங்குடி ஓடு
* கூரை
* பாக்கு விரிகுடா